லிண்டனின் முதுகு

லிண்டன் ஓட ஆரம்பித்த அன்று அவனைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். சமையலறை ஜன்னலோரம் டீக்கோப்பையோடு நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். ஐம்பத்துமூன்று வயது ஆள். சைக்கிள்காரர்கள் போடுகிற ஒட்டிப்பிடித்த கறுப்புக் கால்சட்டை, காலில் புத்தம்புதுப் பச்சை ஷூ. ரோட்டில் இறங்கியதும் இரண்டு பக்கமும் பார்த்தான். வலது கையை நீட்டி, திரும்பப்போகிறேன் என்று சைகை காட்டினான். ரோட்டில் ஈ காக்கை இல்லை. அப்புறம் ஓடினான். இடுப்புக்கு மேலே உடம்பு அசையவே இல்லை. கைப்பிடியைப் பிடித்திருப்பவன் மாதிரி இரண்டு முழங்கையையும் மடக்கி முன்னால் வைத்துக்கொண்டு, குனிந்தவாக்கில் ஓடினான். டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தேன்.

எங்கள் பக்கம், அதாவது டாஸ்மேனியாவின் வடக்குக் கரையில், ஒருவன் சைக்கிள்காரனாக இருப்பான், அல்லது ஓட்டக்காரனாக இருப்பான், அல்லது மரம் வெட்டும் கோடரிக்காரனாக இருப்பான். புத்தாண்டுக் கார்னிவலில் மூன்று கூட்டமும் ஒரே புல்தரையில் போட்டி போடும். ஆனால் ஒருத்தனுக்கு மற்றவனைக் கண்டால் ஆகாது. லிண்டன் பதினேழு வயதிலிருந்து சைக்கிள்காரன். பால் டேங்கர் ஓட்டுகிற வேலை மத்தியானம்தான் ஆரம்பிக்கும் என்பதால் காலை முழுவதும் அவனுக்குச் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேர் போனால், காற்று பலக்கும்போது முன்னால் போவது அவன். அந்த மேற்கத்திக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறவர்களைக் காப்பாற்றிக் கூட்டிப்போவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. லிண்டனின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டால் பாட்டிகூட மலையேறிவிடலாம் என்பார்கள்.

அப்படிப்பட்டவன் ஓட வந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவன் மனைவி கெரின் வெங்காய ஷெட்டில் என் பக்கத்தில் நிற்கிறவள். பெல்ட்டில் வெங்காயம் உருண்டு வர வர, அழுகலையும் முளைவிட்டதையும் பொறுக்கித் தள்ளுவது எங்கள் வேலை. எட்டு மணிநேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எதுதான் தெரியாமல் போகும்? ஒரே பையன் ஜேரட் பெர்த் பக்கம் சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்கு வீடு பிடிக்கவில்லை. அப்போது ஓட ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மாலை வகுப்புக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் படிப்பும் முடித்தாள். போன சீசன் முடிகிற வாரம், பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"பெவ், ஹோபார்ட்ல வேலை கிடைச்சிருக்கு. புதுசா ஒரு முதியோர் இல்லம் கட்டுறாங்க. பிப்ரவரில திறக்கிறாங்களாம்."

"லிண்டன் என்ன சொல்றான்?"

"நேத்து ராத்திரி சொன்னேன். நான் போறேன், நீயும் வர்றியான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"உருளைக்கெழங்க முழுங்கினான். இன்னொண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டான்."

அடுத்த சனிக்கிழமை அவன் சைக்கிளைத் தூக்கித் தன் வீட்டு ஷெட் உத்தரத்தில் மாட்டினான். பக்கத்து ஊருக்குப் போய் அந்தப் பச்சை ஷூவை வாங்கிவந்தான். ஓடுகிறவளோடு தானும் ஓடினால் அவள் இருந்துவிடுவாள் என்று அவன் மனதில் ஒரு கணக்கு. அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னானா என்றால், இல்லை. என்னிடம்தான் சொன்னான், அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே.

"அவளுக்கு நான் சைக்கிளக் கட்டிக்கிட்டு அழுறதுதான் பிடிக்கல பெவ். அத விட்டுட்டேன்ல? சரியாப் போயிடும்."

சரியாகப் போகவில்லை. முதலில் கால் போயிற்று. முப்பத்தாறு வருடம் சைக்கிள் மிதித்தவனுக்குக் குதிரையின் நெஞ்சு. எவ்வளவு தூரம் ஓடினாலும் மூச்சு வாங்காது. ஆனால் அந்தக் கால்கள் தரையை அடித்துப் பழகியதே இல்லை. மூச்சு இருக்கிறதே என்று அவன் பாட்டுக்கு ஓடிவிடுவான். மறுநாள் வாசற்படியில் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்குவான். நான் ஒருநாள் முட்டை கொடுக்கப் போனபோது சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"காட்டினா ஓடாதேம்பான்."

"ஓடாத."

"ஓடாம?" என்றான். "ஓடாம என்ன பண்றது சொல்லு. சும்மா உக்காந்து அவ மூட்டை கட்டுறத பாக்கச் சொல்றியா?"

நான் முட்டையை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கூட்டாளிகள் விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் கூட்டம் அவனைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருத்தனும் ஒன்று சொல்லிவிட்டுப் போவான்.

"என்ன லிண்டன், சங்கிலி கழண்டு போச்சா?"

"யாராவது அந்தாளுக்கு ஒரு சைக்கிள் குடுங்கப்பா, பாவம்!"

கசாப்புக்கடை வைத்திருக்கும் டார்சி மட்டும் வேகத்தைக் குறைத்து அவன் பக்கத்தில் வந்தான். "நீ இல்லாம முன்னாடி போக ஆளில்லடா. போன வாரம் அந்தக் காத்துல எல்லாரும் செத்தோம். எப்ப வர்ற?"

"பாப்போம்" என்றான் லிண்டன். அவர்கள் வளைவில் மறையும்வரை அவர்கள் வேகத்துக்கே ஓடிப்பார்த்தான். டார்சிதான் இதை என்னிடம் சொன்னான், கறி வெட்டுவதை நிறுத்திவிட்டு.

வசந்தம் வந்தபோது கெரின் அவனைத் தன்னோடு ஓடக் கூப்பிட்டாள். அவளாகத்தான் கூப்பிட்டாள். ஆற்று முகத்துவாரத்திலிருந்து மேற்கே கலங்கரை விளக்கம் இருக்கும் முனைவரை கடலோரமாக ஒரு பாதை உண்டு. மேற்கே பார்த்துப் போனால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். நான் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் நடப்பேன். அவர்கள் இருவரும் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். லிண்டன் முன்னால். அவன் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் கெரின். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்குத் தக்கபடி அவன் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று நகர்ந்துகொண்டே ஓடினான். பாதையில் குழி வந்தால் கையைப் பின்னால் கொண்டுபோய் விரலால் சுட்டிக்காட்டினான். தண்ணீர் தேங்கியிருந்தால் உள்ளங்கையை விரித்து ஆட்டினான்.

"தெரியுது!" என்று கெரின் கத்தினாள். "எனக்கும் கண்ணு இருக்கு லிண்டன்!"

அவன் திரும்பவில்லை. தன் அக்குளுக்குக் கீழே குனிந்து, அவள் கால்கள் வருகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டான். சைக்கிள்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். தலையைத் திருப்பினால் சைக்கிள் ஆடிவிடும்.

மறுவாரம் அவள் தனியாக ஓடினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"கல்யாணமான புதுசுல நானும் சைக்கிள்ல அவன் பின்னாடி போனவதான் பெவ். இந்தத் தீவு முழுக்கச் சுத்தியிருக்கோம். எதப் பாத்தேன்னு கேளு."

"எதப் பாத்த?"

"அவன் முதுகு. அதுல வேர்வை எப்படி இறங்கும்னு படம் போட்டுக் காட்டுவேன்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவள்தான் முதலில் சிரிப்பதை நிறுத்தினாள்.

புத்தாண்டு வந்தது. கார்னிவலில் வயது போனவர்களுக்கு ஒரு மைல் ஓட்டம் உண்டு. பலம் குறைந்தவருக்குக் கோடு முன்னால் போடுவார்கள், பலம் உள்ளவருக்குப் பின்னால். எல்லாரும் கடைசிச் சுற்றில் ஒன்றாய் வந்து சேரவேண்டும் என்பது கோடு போடுகிறவரின் சாமர்த்தியம். இருவருமே பெயர் கொடுத்திருந்தார்கள். கெரினுக்கு நல்ல முன்கோடு. லிண்டன் புது ஆள்தான், ஆனாலும் அவன் நெஞ்சைப் பற்றி ஊருக்கே தெரியும் என்பதால் அவளுக்கு நன்றாகப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தன. கோடரிக்காரர்கள் பக்கமிருந்து மரச்சிராய் பறந்து வந்து டீயில் விழுந்தது. நான் கறித்தூள் போட்ட சிப்பியை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் இரண்டு வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்றேன். கெரினின் உதடு வெளுத்திருந்தது. கிளம்பும்போது என்னிடம் வந்து, "இன்னைக்கு ஜெயிக்கணும் பெவ்" என்றாள். அவள் அப்படி எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

துப்பாக்கி வெடித்தது. கெரின் அழகாக ஓடினாள். உடம்பில் எதுவும் வீணாக அசையாமல், தன் வீட்டுக்குள் நடப்பவள் போல ஓடினாள். மூன்றாவது சுற்றில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான், தபால் ஆபீஸ் கிளெனிஸ். அவளும் களைத்துவிட்டாள். பின்னாலிருந்து லிண்டன் ஒவ்வொருத்தராகத் தாண்டி வந்துகொண்டிருந்தான். அவன் கால் என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

கடைசிச் சுற்றில், காற்று எதிரே அடிக்கிற பக்கத்தில், கெரினை எட்டிப்பிடித்தான். அவன் நினைத்திருந்தால் தாண்டிப் போய் ஜெயித்திருக்கலாம். கூட்டம் எழுந்து நின்றது. அவன் தாண்டவில்லை. அவளுக்கு நேர் முன்னால் வந்து, வேகத்தை அவள் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டான். இடுப்புக்குப் பக்கத்தில் கையை ஆட்டினான், வா, ஒட்டிக்கோ என்று.

கெரின் வெளிப்பக்கம் விலகினாள். காற்று அவளை நேராக அடித்தது. அவனும் வெளிப்பக்கம் நகர்ந்து அவளை மறைத்தான். அவள் உள்ளே வந்தாள். அக்குளுக்குக் கீழே பார்த்துவிட்டு அவனும் உள்ளே வந்தான். சைக்கிள் தெரிந்தவர்களுக்கு அவன் என்ன செய்கிறான் என்று புரிந்திருக்கும். ஆனால் மேடையில் இருந்த நடுவர்கள் ஓட்டக்காரர்கள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"பச்சை ஷூ போட்டவர், அந்தம்மாவுக்கு வழியை விடுங்க! வழியை மறிக்கக் கூடாது!"

ஊரே ஊளையிட்டது. எங்கிருந்தோ ஒருத்தன், "பொண்டாட்டி ஜெயிச்சா பொறுக்காதாடா?" என்று கத்தினான். லிண்டன் அப்படியே நின்றுவிட்டான். கெரின் அவனைச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். அவள் நான்காவதாக வந்தாள். லிண்டனை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது.

கோடரிக்காரர்களின் மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் அவர்களைக் கண்டேன். வாங்கிய பலகாரம் ஆறிப்போயிருந்தது. கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் ஒன்ன மறிக்கல" என்றான் லிண்டன். "காத்த மறைச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"முப்பது வருஷமா தெரியும். நான் என்ன மக்கா? நீ எனக்கு நல்லதுதான் பண்ற. எப்பவும் நல்லதுதான் பண்ண."

"அப்புறம் ஏன் விலகிப் போன?"

"அந்தக் காத்து என் மூஞ்சில படட்டும்னுதான்!" என்றாள். "அது என் காத்து லிண்டன். நானே ஓடி நானே ஜெயிக்கணும்னு நெனச்சேன். ஒரே ஒரு தடவை."

பின்னால் கோடரிகள் மரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழமைல போவீங்களே" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல பக்கத்துலதான் போவீங்க. பேசிச் சிரிச்சுக்கிட்டே போவீங்க. டார்சிக்கு மூல வியாதின்னுகூட ஒனக்குத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் முதுகு?"

"அவனுங்க மூஞ்சில காத்தடிச்சா எனக்கென்ன? காத்து பலமானா தவிர நான் முன்னாடி போறதில்ல." அவன் தடுமாறினான். "ஒனக்குன்னா... ஒன்மேல படக்கூடாதுன்னுதான் எப்பவுமே..."

கட்டைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தையை இவன் எப்போதோ சொல்லியிருக்கக் கூடாதா? கெரினுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் பேசியபோது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஹோபார்ட்டுக்கு வர்றியான்னு கேட்டேன். நீ போய் ஷூ வாங்கிட்டு வந்த."

"வேணும்னா வர்றேன்."

"வேணும்னா வேண்டாம்" என்றாள்.

புது வெங்காயம் ஷெட்டுக்கு வர ஆரம்பித்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெரின் கிளம்பினாள். அழுகை, சண்டை எதுவும் இல்லை. பெட்டிகளை லிண்டனே தூக்கிக் காரில் வைத்தான். டயருக்குக் காற்று பார்த்தான். மலைப்பாதையில் காற்று பலமாக இருக்கும், முன்னால் வண்டியில் போய்க் கொஞ்ச தூரம் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டான். அவள் அவன் கன்னத்தில் கையை வைத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டபோது அவள் தலைமுடியில் வெங்காய வாசனை அடித்தது. எங்கள் எல்லாருக்குமே அந்த வாசனைதான், போகவே போகாது.

கார் கிழக்கே திரும்பியது. லிண்டன் வீட்டுக்குள் போனான். இரண்டு நிமிடத்தில் பச்சை ஷூவோடு வெளியே வந்து, கார் போன திசையிலேயே ஓட ஆரம்பித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. சைக்கிள்காரன் எவனும் அப்படிப் போகமாட்டான். போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வருவான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. லிண்டன் மேற்கத்திக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே போனான். எப்படித் திரும்பி வருவான்?

மத்தியானம்வரை பார்த்தேன். காற்று என் கோழிக்கூண்டுத் தகரத்தைத் தூக்கிப் போட்டது. பொறுக்க முடியாமல் என் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டி, ஓடைப் பாலத்தையும் தாண்டி வெகுதூரத்தில் அவன் எதிரே வந்தான். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சரிந்தது. காற்றால் வந்த கண்ணீரா, வேறா தெரியவில்லை, கன்னமெல்லாம் ஈரம்.

வண்டியைத் திருப்பிப் பக்கத்தில் நிறுத்தினேன். "ஏறு."

"ஓடியே வர்றேன்."

"எங்க ஓடுற? நொண்டுற. எலும்பு ஒடைஞ்சிருக்கும். ஏறித் தொலைடா."

கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். லிண்டனுக்கு மூச்சு வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒரு உதவி பண்ணு பெவ். என் முன்னாடி மெதுவாப் போ. நான் வண்டி பின்னாடியே ஒட்டி வர்றேன்."

மற்ற சைக்கிள்காரர்கள் வேனுக்குப் பின்னால் அப்படிப் பயிற்சி எடுப்பார்கள். லிண்டன் அதை ஏமாற்று வேலை என்று சொல்லி எடுத்ததே இல்லை. நான் வாதாடவில்லை. முதல் கியரில் ஊர்ந்தேன். கண்ணாடியில் அவன் தலை வந்தது. இன்னும் நெருங்கிப் பின்தகட்டுக்கு ஒரு கை தூரத்தில் ஒட்டிக்கொண்டது. காற்று முன்கண்ணாடியில் மண்ணை வாரி அடித்தது. வலது பக்கம் கடல் முழுவதும் வெள்ளை வெள்ளையாய் அலை எழும்பிக்கொண்டிருந்தது.

பாலத்துக்கு வருவதற்குள் தகட்டில் தட்டும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். இரண்டு கையாலும் பின்தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்னடா? கால் போச்சா?"

இல்லை என்று தலையாட்டினான். "காத்தே படல பெவ்."

"அதுக்குத்தானே கேட்ட?"

"ஆமா. துளி படல." தகட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா இந்தத் தகரத்த விட்டா வேற ஒண்ணுமே தெரியல. கடல் தெரியல. ரோடு எங்க போகுதுன்னு தெரியல. நீ உள்ள இருக்கியா இல்லியான்னே தெரியல. இவ்வளவு தூரந்தான் வந்தேன். என்னால முடியல." கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ எப்படி வந்தா? இத்தன வருஷம் எப்படி வந்தா?"

ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"நீ திரும்பிப் பாப்பேன்னு வந்தா" என்றேன்.

லிண்டன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். ரோடு வெறிச்சென்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது.